14 மாதம் காரில் சிக்கியிருந்த ஸீ ஸீ டாப்

போன சனிக்கிழமை ஒரு மெக்கானிக் என் காரின் டாஷ்போர்டைப் பிரித்து, சிடி பிளேயரைக் கழற்றி, உள்ளே 14 மாதமாகச் சிக்கிக் கிடந்த சிடியை இடுக்கியால் வெளியே எடுத்துக் கொடுத்தார். கூலி 120 டாலர். அந்தக் காசுக்குப் புது பிளேயரே வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நியாயம்தான். ஆனால் அந்த சிடி வெளியே வந்தாக வேண்டும் என்பது எனக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டிருந்தது.

சிடி, ஸீ ஸீ டாப் என்ற ராக் இசைக்குழுவின் ‘த்ரெஸ் ஓம்ப்ரெஸ்’. 1973இல் வந்த ஆல்பம். (நம்மவர்கள் இசட் இசட் டாப் என்பார்கள். நான் இருப்பது ஹூஸ்டனில், அவர்களுடைய சொந்த ஊரில். இங்கே இசட் என்றால் மூஞ்சியைப் பார்ப்பார்கள்.) பில்லி கிப்பன்ஸ் கிதார், டஸ்டி ஹில் பேஸ், ஃபிராங்க் பியர்ட் ட்ரம்ஸ் என்பதெல்லாம் இதைப் படிக்க வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். தாடி ஜோக்கும் (பியர்ட் என்றால் தாடி, நீளத் தாடி வைக்காதவர் அவர்தான்) தெரிந்திருக்கும், விட்டுவிடுகிறேன்.

அன்றைக்குப் பார்த்து ஆஸ்டினில் இருக்கும் தம்பி ஒருத்தன் போனில் கேட்டான்: “அண்ணே, இவங்ககிட்ட எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது? பெஸ்ட் பாட்டு எதெதுன்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்களேன்.” லிஸ்ட் போடுவது சுலபம். எந்த மிக்ஸில் (பதிவான கருவிகளின் ஒலிகளைக் கலந்து சமன்செய்த வடிவம்) கேட்க வேண்டும் என்று சொல்லாமல் லிஸ்டை மட்டும் நீட்டினால் அது துரோகம். அதனால்தான் இத்தனை நீளம்.

விஷயம் இதுதான். 1987இல் இவர்களுடைய பழைய ஆல்பங்களைச் சேர்த்துக் கட்டி ‘சிக்ஸ் பேக்’ என்ற பெயரில் சிடியாகக் கொண்டுவந்தார்கள். இருந்தபடியே கொண்டுவந்திருந்தால் வம்பே இல்லை. புதிதாக மிக்ஸ் செய்து, எழுபதுகளின் ட்ரம்ஸுக்கு எண்பதுகளின் முழக்கத்தைப் பூசிவிட்டார்கள். ஸ்னேர் ட்ரம்மில் ஓர் அடி விழுந்தால் காலி குடோனுக்குள் அடித்தது போல ‘டூம்’ என்று விரியும். விரிந்த வேகத்தில் யாரோ கதவைச் சாத்தியது போல அறுந்துவிடும். மைக்செட்காரர் எக்கோ குமிழை முழுக்கத் திருகி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1983இல் வந்த இவர்களுடைய ‘எலிமினேட்டர்’ அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்ற ஆல்பம். அந்தச் சத்தத்துக்குப் பழகிய காதுகளுக்குப் பழைய சரக்கையும் அதே சத்தத்தில் கொடுத்துவிடலாம் என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். அது என் ஊகம். ஊகம் இல்லாதது, ‘த்ரெஸ் ஓம்ப்ரெஸ்’ஸின் 1973 மிக்ஸ் அப்போதே கடைகளிலிருந்து காணாமல் போனது. எல்பி தட்டு வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். ஒலிப்பதிவாளர் டெரி மேனிங் செய்த மூல மிக்ஸ் சிடியில் வருவதற்கு 2006 ஆனது. 19 வருடம்!

நான் 2005இல் பழைய சிடிக் கடையில் 5 டாலருக்கு வாங்கியது இந்த 87 மிக்ஸைத்தான். அட்டை அதே அட்டை. உள்பக்கம் ஹூஸ்டனின் லியோஸ் மெக்சிகன் உணவகத்துச் சாப்பாடு, மேசை நிறைய, அதே படம். நான் என்ன கண்டேன்? ஒரு வருடம் அதையே வேதமாகக் கேட்டேன். அப்புறம் 2006 பதிப்பை ஒரு நண்பர் வீட்டில் கேட்டபோது வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

ஏன் இவ்வளவு கோபம் என்பதற்கு அதிலுள்ள ‘லா கிரேஞ்ச்’ பாட்டு ஒன்று போதும். கிப்பன்ஸின் கிதார் தனியாக, தணிந்த குரலில் அந்த பூகி தாளத்தை ஆரம்பிக்கும். பியர்ட் ட்ரம்ஸைத் தொடமாட்டார், விளிம்பில் மட்டும் குச்சியால் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டிருப்பார். கிப்பன்ஸ் தொண்டைக்குள்ளேயே முனகிவிட்டு ஒரு கிழட்டுச் சிரிப்பைக் கனைப்பார். காதோடு காதாகப் பேசுகிற இடம் அது. விஷயமும் அப்படிப்பட்டதுதான். டெக்சஸின் லா கிரேஞ்ச் ஊருக்கு வெளியே ‘சிக்கன் ராஞ்ச்’ என்றொரு விபச்சார விடுதி பல பத்தாண்டுகளாக ஊரறிய நடந்துவந்தது. முப்பதுகளின் பஞ்சத்தில் காசுக்குப் பதில் கோழி வாங்கிக்கொண்டதால் அந்தப் பெயர். ஹூஸ்டன் டிவி நிருபர் மார்வின் ஜிண்ட்லர் விடாமல் துருவ, பாட்டு வந்த அதே 1973இல் இழுத்து மூடினார்கள்.

அந்தக் குசுகுசுப்புக்குப் பிறகு ட்ரம்ஸ் உருண்டு உள்ளே வரும். மூல மிக்ஸில் அந்த உருட்டல், ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு நம் மேசையில் உட்கார்வது போல இருக்கும். 87 மிக்ஸில் லாரி வந்து சுவரில் மோதும். பியர்டின் கை கொஞ்சம் துள்ளி, கொஞ்சம் பின்தங்கி, இரண்டு அடிக்கு நடுவே காற்று விட்டு ஓடுகிற கை. ஷஃபிள் என்கிற இந்தத் துள்ளல் தாளத்துக்கு உயிரே அந்த இடைவெளிதான். அதற்குள் எக்கோவை ஊற்றினால் சிமெண்டுப் பூச்சுதான் மிஞ்சும். பாட்டின் நடுவில் சுருதி A-யிலிருந்து C-க்கு ஏறி, கிப்பன்ஸ் தன் 1955 ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் கம்பியைக் கிள்ளிக் கீச்சிட வைக்கிற இடம் வரும். நல்லவேளை, அதைக் கெடுக்க யாராலும் முடியவில்லை.

‘லா கிரேஞ்ச்’சின் அந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துண்டு) அவர்களுடைய சொந்தச் சரக்கா என்று கேட்டால், அதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கரின் ‘பூகி சில்லன்’ பாட்டிலிருந்து எடுத்தது என்று அதன் உரிமைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பழைய பாட்டு பொதுச் சொத்தாகிவிட்டது என்று 1995இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு வந்தது. அன்றைய சட்டப்படி சரி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஹூக்கருக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும்.

சரி, இவ்வளவு வெறுத்த சிடி காருக்குள் எப்படிப் போனது? என் வாய்க்கொழுப்பு. 2006 பதிப்பும் 87 பதிப்பும் எவ்வளவு வேறு என்று காட்டுகிறேன் பார் என்று மனைவியை உட்காரவைத்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன். இரண்டாவதாகப் போட்டது 87. “என்னங்க, ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?” என்றாள். வெளியே எடுக்கப் பட்டனை அமுக்கினேன். உள்ளே ஏதோ கரகரத்தது. அவ்வளவுதான், வரவில்லை. ஆனால் பாடியது! வண்டியைக் கிளப்பினால் தானாகவே பாடும். ரேடியோவுக்கு மாற்றினால் ஐந்து நிமிடத்தில் மறுபடி இதற்கே தாவும்.

மாதம் இரண்டு முறை வேலை நிமித்தம் ஆஸ்டினுக்குப் போகிறேன். 165 மைல். ஐ-10 நெடுஞ்சாலையில் கொலம்பஸ் வரை போய், 71ஆம் நெடுஞ்சாலையில் திரும்பினால் லா கிரேஞ்ச் ஊர் வழியாகத்தான் பாதை. ஆல்பம் மொத்தமே 33 நிமிடம் சொச்சம். போக வர எட்டு ஒன்பது தடவை ஓடும். 14 மாதத்துக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்தத் தண்டனையில் ஒரு நல்லதும் நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் அநியாயம். சிக்கிக்கொண்ட பிளேயரில் பாட்டைத் தாண்டவும் முடியாது, கலைத்துப் போடவும் முடியாது. அதனால் முதல் இரண்டு பாட்டையும், ‘வெயிட்டின் ஃபார் த பஸ்’, ‘ஜீசஸ் ஜஸ்ட் லெஃப்ட் சிகாகோ’ இரண்டையும், ஒவ்வொரு முறையும் வரிசை பிசகாமல் கேட்டேன். இரண்டுக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பவனின் அலுப்பு, ஹார்மோனிகா, கனத்த ரிஃப், கடைசி அடி. அந்த அடி காதிலிருந்து இறங்குவதற்குள் மெதுவான ப்ளூஸ் ஆரம்பித்து, இயேசு சிகாகோவை விட்டு நியூ ஆர்லியன்ஸ் கிளம்பியிருப்பார். ப்ளூஸ் தெற்கிலிருந்து சிகாகோவுக்கு ஏறிப் போன இசை. இவர்கள் இயேசுவை அதே வழியில் திருப்பி அனுப்புகிறார்கள். இது எனக்கு உறைத்தது நாற்பதாவது தடவையிலோ என்னவோ. போனில் கலைத்துப் போட்டுக் கேட்கிறவர்களுக்கு இந்த ஒட்டு உடைந்துவிடும். பஸ் வந்து நின்றதும் வேறு யாரோ ஏறுவார்கள்.

மற்ற பாட்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972இன் ‘ஜஸ்ட் காட் பெய்ட்’, ஸ்லைடு கிதாருக்காக. 1975இன் ‘டுஷ்’, இரண்டேகால் நிமிடம், டஸ்டி ஹில்லின் தொண்டை. ஒரு ஒலிச்சோதனை நேரத்தில் பிறந்த பாட்டு அது, கேட்டாலே தெரியும், யோசிக்க நேரமில்லாதவன் பாடியது. அதே ‘ஃபான்டாங்கோ’ ஆல்பத்தின் ‘ப்ளூ ஜீன் ப்ளூஸ்’ ராத்திரி மட்டும். ப்ளூஸ் கிதார் மேதை பி.பி. கிங் சொல்லி மெல்லிய கம்பிக்கு மாறியவர் கிப்பன்ஸ். அந்த மென்மை இங்கே ஒவ்வொரு சுரத்திலும் இருக்கிறது, கம்பி விரலுக்கு முன்னால் வளைந்துகொடுக்கிறது. 1979இன் ‘சீப் சன்கிளாஸஸ்’ஸையும் மறக்கக் கூடாது. அந்த ஆல்பம் 87 கட்டில் சேரவில்லை, பிழைத்தது. 2021 ஜூலையில் டஸ்டி ஹில் இறந்த அன்று நான் போட்டது ‘டுஷ்’. 51 வருடம் மூன்று பேரும் மாறவே இல்லை. இப்போது பேஸ் வாசிப்பவர் எல்வுட் ஃபிரான்சிஸ், அதுவரை அவர்களுடைய கிதார்களைப் பராமரித்தவர்.

கோபத்தில் ‘எலிமினேட்டர்’ஐயும் சேர்த்துத் திட்டிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. ‘ஷார்ப் டிரெஸ்டு மேன்’, ‘லெக்ஸ்’ எல்லாம் அந்த இயந்திரத் தாளத்தின் மேல் கட்டிய வீடுகள். அஸ்திவாரமே அதுதான். எழுபதுகளின் ஓட்டு வீட்டுக்கு அதே தூணை நட்டதுதான் என் வழக்கு.

ஆக, தம்பிக்கு நான் அனுப்பிய தீர்ப்பு: ‘த்ரெஸ் ஓம்ப்ரெஸ்’, ‘ஃபான்டாங்கோ’ இரண்டும் 2006 பதிப்பு வாங்கு. மொத்தமாக வேண்டுமென்றால் 2013இல் வந்த 10 சிடி பெட்டி, முதல் ஆல்பத்திலிருந்து ‘ரீசைக்ளர்’ வரை, பழசெல்லாம் மூல மிக்ஸில். 87 மிக்ஸ் ஓசியில் கிடைத்தாலும் வாங்காதே. எழுதி முடித்த கையோடு, என்னிடம் இனி இருக்கக் கூடாது என்று, இடுக்கியால் எடுத்த அந்த சிடியை ஒரு உறையில் போட்டு அவனுக்கே அனுப்பிவிட்டேன். எப்படி இருக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளட்டுமே என்ற நல்லெண்ணம்.

இந்த வாரம் ஆஸ்டின் போனேன். பிளேயரில் 2006 பதிப்பு. 71இல் லா கிரேஞ்சுக்கு நாலு மைல் முன்னால் அந்தப் பாட்டு வந்தது. டிக் டிக், முனகல், கனைப்பு. நான் ஸ்டியரிங்கில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். ட்ரம்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு அமைதியாக உட்கார்ந்தது. என் கை மட்டும் லாரியை எதிர்பார்த்து வலித்துக்கொண்டிருந்தது. சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டினேன். பிறகு இன்னும் இரண்டு.

தம்பியிடமிருந்து சாயங்காலம் செய்தி வந்தது: “அண்ணே, சிடி கிடைச்சது. ட்ரம்ஸ் சும்மா இடி மாதிரி விழுது, என்னண்ணே இதைப் போயி குறை சொல்றீங்க!” கேட்டு முடித்ததும் திருப்பி அனுப்பிவிடு என்று பதில் போட்டிருக்கிறேன். இதுவரை பேச்சைக் காணோம்.