ரேடியோ டாக்குமெண்டரியும் பாட்காஸ்ட்டும்: பல வருஷமா கேட்டதுல சலிச்சு எடுத்தது

எந்த பாட்காஸ்ட் ஆப்பைத் திறந்தாலும் முதல்ல கண்ணுல படுறது ரெண்டு பேரு மைக் முன்னாடி உக்காந்து சிரிச்சிட்டிருக்குற படம், அதுக்குக் கீழ ஒரு கொலை கேஸ், அதுக்கும் கீழ பணம் சம்பாதிக்குறது எப்படின்னு ஒருத்தர். பல வருஷமா இந்த ஆப்களோட குடித்தனம் நடத்துறவன்ங்கற முறையில சொல்றேன், அந்த முதல் பக்கத்தைப் பாத்து இவ்ளோதான் சரக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க. நல்லது நிறைய இருக்கு, ஆனா ஆப் அதைத் தானா கொண்டு வந்து காட்டாது, அது நேத்து நீங்க கேட்டதையே கொஞ்சம் வேஷம் மாத்தி இன்னைக்கும் நீட்டும்.

வெரைட்டின்னா எல்லாரும் சப்ஜெக்ட்டைத்தான் நினைக்கிறாங்க, சரித்திரம், சயின்ஸ், க்ரைம், இப்படி. எனக்கு ரொம்ப நாள் கேட்டப்புறம்தான் உறைச்சது, பெரிய வித்தியாசமே நீளத்துலயும் அதை செஞ்ச விதத்துலயும்தான் இருக்கு. ஒரே போரைப் பத்தி 10 நிமிஷத்துலயும் சொல்றாங்க 20 மணி நேரத்துலயும் சொல்றாங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல, சுருக்கினதும் நீட்டினதும் கூட இல்ல, வேற வேற சமாச்சாரம்.

சின்னதுல இருந்து வரேன். பிபிசி வேர்ல்ட் சர்வீஸோட விட்னஸ் ஹிஸ்டரி, ஒரு எபிசோடு கிட்டத்தட்ட 10 நிமிஷம். சம்பவத்துல நேரா இருந்த ஒரு ஆள், அவரோட குரல், நடுவுல அந்தக் காலத்து செய்தி ஒலிப்பதிவு கொஞ்சம், முடிஞ்சுது. பேராசிரியர் யாரும் வந்து விளக்கம் குடுக்க மாட்டாங்க. பாத்திரம் தேய்க்குற நேரத்துல ஒண்ணு கேட்டு முடிச்சிடலாம், ஆனா வரிசையா அஞ்சாறு கேட்டீங்கன்னா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும், அதனால ஒண்ணு கேட்டா அன்னைக்கு நிறுத்திக்கறது நல்லது.

அடுத்தது அதே வேர்ல்ட் சர்வீஸோட தி டாக்குமெண்டரி. இதுல பல எபிசோடு 26, 27 நிமிஷத்துல நிக்கும், ஏன்னா அரை மணி நேர ஸ்லாட்டுல செய்திக்கு இடம் விடணும், ரேடியோவுல கடிகாரம்தான் முதலாளி. இந்த கடிகாரத்தைத்தான் நான் இங்க முக்கியமா சொல்ல வந்தேன். ஒரு தயாரிப்பாளர் மணிக்கணக்குல பேட்டி எடுத்துட்டு வந்து அதை 27 நிமிஷத்துல அடைக்கணும்னா, நல்லா இருக்குறதைக் கூட வெட்டித்தான் ஆகணும். அப்படி வெட்டி வெட்டி மிஞ்சினதுல ஊளைச்சதையே இருக்காது, எலும்பும் நரம்பும் மட்டும்தான். பாட்காஸ்ட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்ல, யாரும் மணி பாக்கல, அதனாலதான் "போன வாரம் என்ன பண்ணீங்க"ன்னு ஆரம்பிச்சு 12 நிமிஷம் கழிச்சு விஷயத்துக்கு வர்றாங்க. சுதந்திரம்னு சொல்லிக்கிறாங்க, எடிட்டிங் பண்ண சோம்பேறித்தனம்னு நான் சொல்றேன்.

பேச்சு நிகழ்ச்சியிலயும் கடிகாரம் வேலை செய்யும்ங்கறதுக்கு பிபிசி ரேடியோ 4ல வர இன் அவர் டைம் நல்ல உதாரணம், 1998ல ஆரம்பிச்சது, மெல்வின் ப்ராக் 2025 வரைக்கும் நடத்தினார், ஆயிரம் எபிசோடு தாண்டிடுச்சு. ஒரு தலைப்பு, மூணு பேராசிரியர்கள், முக்கால் மணி நேரம். யாராவது வழவழன்னு இழுத்தா ப்ராக் நடுவுல பூந்து "அது சரி, அப்புறம் என்ன ஆச்சு"ங்கற தொனியில தள்ளிட்டுப் போவார், முதல்ல கேக்கும்போது என்ன இவ்ளோ அவசரம்னு தோணும், பழகினப்புறம் அந்த அவசரம் இல்லாத நிகழ்ச்சியைக் கேக்கவே முடியல. பாட்காஸ்ட் வடிவத்துல கடைசியில கூடுதலா கொஞ்ச நேரம் ஓடும், எதை விட்டுட்டோம்னு அவங்களே பேசிப்பாங்க, சில தடவை அதுதான் மெயின் நிகழ்ச்சியை விட சுவாரசியம்.

இந்த என் கடிகார சித்தாந்தத்தை அடிச்சு நொறுக்குற ஆளும் இருக்கார், டான் கார்லின். அவரோட ஹார்ட்கோர் ஹிஸ்டரி பாட்காஸ்ட்ல முதல் உலகப் போரைப் பத்தி ஆறு பாகம், மொத்தம் 20 மணி நேரத்துக்கு மேல, ஒரே ஒரு ஆள், ஒரே குரல். பேட்டி கிடையாது, சம்பவ இடத்து ஒலி கிடையாது. எப்படி உக்கார வைக்கிறார்னு இன்னும் எனக்குப் பிடிபடல, கதாகாலட்சேபம் மாதிரி ஏத்தி இறக்கி சொல்றார், அவ்ளோதான் சொல்ல முடியும். ஆனா அவரைப் பாத்து நீளமா பண்றவங்க நூறு பேர்ல அஞ்சு பேரைக் கூட என்னால தாங்க முடியல.

இப்ப பழைய சரக்கு. இதைப் பத்தி பாட்காஸ்ட் கேக்குறவங்க அதிகம் பேசுறதே இல்ல. பிபிசியில 1958ல இருந்து 1964 வரைக்கும் ரேடியோ பாலட்ஸ்னு எட்டு நிகழ்ச்சி வந்துது, நாட்டுப்புறப் பாடகர்கள் இவான் மெக்கால், பெக்கி சீகர், தயாரிப்பாளர் சார்லஸ் பார்க்கர் மூணு பேரும் சேர்ந்து பண்ணது. முதல் நிகழ்ச்சி ஜான் ஆக்ஸன்ங்கற ரயில் டிரைவரைப் பத்தி, 1957ல பிரேக் போன ரயிலை விட்டுக் குதிக்காம கடைசி வரைக்கும் நிறுத்தப் பாத்து செத்தவர். அந்தக் காலத்து வழக்கம் என்னன்னா தொழிலாளிங்க சொன்னதை எழுதி எடுத்து நடிகர்களை வச்சுப் படிக்க வைப்பாங்க. இவங்க டேப் ரெக்கார்டரைத் தூக்கிட்டுப் போயி ரயில்வே ஆளுங்க பேசினதை அப்படியே போட்டு, நடுவுல பாட்டு கட்டினாங்க. இன்னைக்கு நாம சாதாரணமா கேக்குற "சம்பந்தப்பட்டவர் குரலே கதை சொல்லும்" பாணி அப்ப துணிச்சலான காரியம். அந்த வட்டார ஆங்கிலம் எனக்குப் பாதி புரியல, இருந்தாலும் நிறுத்த மனசு வரல.

இன்னொண்ணு, பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் 1967ல கனடா சிபிசி ரேடியோவுக்குப் பண்ண தி ஐடியா ஆஃப் நார்த். கனடாவோட வட கோடியைப் பத்தி அஞ்சு பேர் பேசுறாங்க, ஆனா ஒருத்தர் முடிச்சப்புறம் இன்னொருத்தர்னு இல்ல, ஒரே நேரத்துல, ஒரு குரல் மேல இன்னொரு குரல், அடியில ரயில் சத்தம். சங்கீதத்துல ரெண்டு மூணு ராகத்தை ஒண்ணா ஓட்டுற மாதிரின்னு நினைச்சுக்கோங்க. வேலை பாத்துக்கிட்டே கேட்டா எரிச்சல்தான் வரும், ஹெட்ஃபோன் போட்டு வேற எதுவும் செய்யாம கேக்கணும். பிடிக்கலைன்னாலும் பரவாயில்ல, ரேடியோவுல இப்படியும் பண்ணலாம்னு தெரிஞ்சிக்கவாவது ஒரு தடவை.

தொடர் வகைக்கு வந்தா, 2014 அக்டோபர்ல வந்த "சீரியல்"ங்கற பாட்காஸ்ட்டை விட்டுட்டுப் பேச முடியாது. பால்டிமோர்ல 1999ல நடந்த ஒரு கொலை வழக்கை 12 எபிசோடுல சாரா கேனிக் தோண்டினாங்க, அதுல எனக்குப் பிடிச்சது அவங்க தனக்கு ஏற்படுற சந்தேகத்தை மறைக்காம சொன்னது. அதுக்கப்புறம் ஊருப்பட்ட க்ரைம் பாட்காஸ்ட் வந்துது பாருங்க, அதுல முக்கால்வாசி விக்கிப்பீடியாவைத் திகில் மியூசிக் போட்டுப் படிக்கிறதுதான், போன் பண்ணி ஒருத்தர்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க. என் லிஸ்ட்ல இருந்து அந்த வகையை மொத்தமா துடைச்சாச்சு.

தொடர்ல நான் ரெண்டு தடவை கேட்டது 13 மினிட்ஸ் டு த மூன், பிபிசி வேர்ல்ட் சர்வீஸ், 2019. அப்போலோ 11 நிலாவுல இறங்கின கடைசி 13 நிமிஷம்தான் சப்ஜெக்ட். எபிசோடு எபிசோடா கம்ப்யூட்டர், இன்ஜின், கன்ட்ரோல் ரூம்ல இருந்த சின்னப் பசங்க, இறங்கும்போது கம்ப்யூட்டர் அடிச்ச 1202 அலாரம்னா என்ன, எல்லாத்தையும் விளக்கிட்டு, பின்னாடி ஒரு எபிசோடுல அந்த 13 நிமிஷ ஒரிஜினல் ஆடியோவையே ஓட விடுறாங்க. மொத எபிசோடுல அதைப் போட்டிருந்தா வெறும் கரகரப்பு, இப்ப ஒவ்வொரு வார்த்தையும் புரியுது, முடிவு தெரிஞ்ச கதைக்கு உள்ளங்கை வேர்க்குது. அதே வருஷம் வந்த டனல் 29ம் தேடிக் கேளுங்க, 1962ல பெர்லின் சுவருக்கு அடியில சுரங்கம் தோண்டி 29 பேர் தப்பிச்ச கதை, சின்னச் சின்ன எபிசோடா இருக்கும், ஒவ்வொண்ணும் சரியான இடத்துல அறுத்து விட்டுடுவாங்க.

இயர் ஹசல் வேற ரகம். கலிஃபோர்னியாவுல சான் க்வென்டின் சிறைக்குள்ள இருந்தே 2017ல ஆரம்பிச்சது, தண்டனை அனுபவிச்சுக்கிட்டிருந்த எர்லான் வுட்ஸும், வெளியில இருந்து வந்து போன கலைஞர் நைஜல் புவரும் நடத்தினாங்க. குற்றத்தை விட அறைத்தோழனோட தகராறு, செல்லப்பிராணியா வளர்க்குற பூச்சி, இதெல்லாம்தான் பேச்சு. 2018ல வுட்ஸோட தண்டனையை கவர்னர் குறைச்சு அவர் வெளிய வந்துட்டார், நிகழ்ச்சி அதுக்கப்புறமும் நடந்துது.

சரி, பயன்பாட்டுப் பக்கம். பல ஆப்கள்ல சைலன்ஸ் ட்ரிம்னு ஒரு வசதி இருக்கு, பேச்சுக்கு நடுவுல இருக்குற மௌனத்தை வெட்டிடும். அரட்டை பாட்காஸ்ட்டுக்கு தாராளமா போடுங்க, டாக்குமெண்டரிக்கு மட்டும் தயவுசெஞ்சு ஆஃப் பண்ணுங்க. கேள்வி கேட்டப்புறம் ஒருத்தர் பதில் சொல்லாம நாலு செகண்ட் இருக்கார்னா அந்த நாலு செகண்டுக்காகத்தான் எடிட்டர் அந்தத் துண்டையே வச்சிருப்பார், ஆப் அதைத் தின்னுட்டு "உங்க நேரத்தை மிச்சம் பண்ணிட்டோம்"னு பெருமை வேற பீத்திக்கும். ஸ்பீடும் அப்படித்தான், நல்ல ஆப்கள்ல ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியா வச்சுக்கலாம், அரட்டைக்கு ஒன்றரை மடங்கு, மத்ததுக்கு நார்மல்.

விளம்பரம் ஒரு தலைவலி. இப்ப நீங்க இருக்குற இடம், டவுன்லோடு பண்ற நேரம் பாத்து விளம்பரத்தை அப்பப்ப சொருகுறாங்க, அதனால பழைய எபிசோடுலயும் புது விளம்பரம் வரும், நண்பர் "18வது நிமிஷத்துல கேளு"ன்னு சொன்னா உங்களுக்கு அது 20ல இருக்கும். வால்யூமும் ஒரே மாதிரி இருக்காது, ரேடியோவுக்குன்னு பண்ணது பல நேரம் மெதுவா இருக்கும், அதை ஏத்தி வச்சுட்டு அடுத்து வர பாட்காஸ்ட்ல காது கிழியும்.

நான் ரொம்ப நாள் வச்சிருந்த ஒரு ஆப்பை இழுத்து மூடிட்டாங்க. அப்ப கை குடுத்தது ஓபிஎம்எல் ஃபைல்தான், உங்க சந்தா லிஸ்ட் மொத்தத்தையும் சின்ன ஃபைலா எடுத்து இன்னொரு ஆப்ல ஏத்திக்கலாம். பாட்காஸ்ட் அடிப்படையில வெறும் ஆர்எஸ்எஸ் ஃபீடு, அதாவது எந்த ஆப்பும் படிக்கக்கூடிய எபிசோடு பட்டியல், எந்தக் கம்பெனிக்கும் அது சொந்தம் இல்ல, ஆன்டெனாபாட் மாதிரி ஓப்பன் சோர்ஸ் ஆப்ல கூட ஓடும். செட்டிங்ஸ்ல எக்ஸ்போர்ட் எங்க இருக்குன்னு இன்னைக்கே பாத்து வச்சுக்கோங்க. கூடவே, ரேடியோ நிலையங்கள் சில டாக்குமெண்டரிகளை குறிப்பிட்ட நாளுக்கு அப்புறம் எடுத்துடும், பிடிச்சதை டவுன்லோடு பண்ணி வைக்காம "அப்புறம் கேட்டுக்கலாம்"னு விட்டா போச்சு.

உச்சரிப்பு புரியலைன்னா டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பேசினதோட எழுத்து வடிவம், இருக்கான்னு பாருங்க, திஸ் அமெரிக்கன் லைஃப்ங்கற அமெரிக்க ரேடியோ நிகழ்ச்சியோட தளத்துல எபிசோடுகளுக்கு முழுசா இருக்கு, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ்ல 2024ல இருந்து தானாவே வருது, பேர்களைக் கொலை பண்ணும், மத்தபடி பரவாயில்ல.

புதுசா எப்படித் தேடுறதுன்னு கேட்டா, டாப் சார்ட்டை மறந்துட்டு ரெண்டு விஷயம் பண்றேன். ஒண்ணு, ப்ரி இத்தாலியா மாதிரி விருதுகள், அது 1948ல ஆரம்பிச்சது, அதுல ஜெயிச்ச ரேடியோ டாக்குமெண்டரி பட்டியலைப் பாத்து கிடைக்குறதைக் கேக்கறது, கிடைக்காததும் நிறைய. இன்னொண்ணு, ஒரு நிகழ்ச்சி பிடிச்சிருந்தா கடைசியில அவசர அவசரமா படிக்குற தயாரிப்பாளர் பேரைக் குறிச்சு வச்சு அந்தப் பேரைப் போட்டுத் தேடறது. குரல் குடுக்குறவங்க பேரைப் போட்டுத் தேடினா சுமாராத்தான் கிடைக்கும், தயாரிப்பாளர் பேர்ல தேடினா பெரும்பாலும் ஏமாத்தாது.