மகள் ஆடிய கம்யூனிட்டி காலேஜ் சாஃப்ட்பால் அணி: கோச்சுகள் எப்படி?

மகளுக்கு சாஃப்ட்பாலில் (பேஸ்பால் போன்ற ஆட்டம், பந்தைக் கையைக் கீழிருந்து சுற்றிப் போடுவார்கள்) இரண்டு சீசன் முடிந்துவிட்டது. இரண்டு வருடப் படிப்பு தரும் கம்யூனிட்டி காலேஜில் அதற்கு மேல் ஆட விதி இல்லை, அடுத்த செமஸ்டரிலிருந்து நான்கு வருடக் கல்லூரிக்குப் போகிறாள். இனி இந்தக் கோச்சுகளிடம் எங்களுக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை என்பதால் உள்ளதை உள்ளபடி எழுத முடியும். கலிஃபோர்னியாவில் ஹைஸ்கூல் முடிக்கப்போகும் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசிக்கும் நம்மவர்கள் சிலர் கேட்டார்கள், அவர்களுக்காகத்தான் இது. காலேஜ் பெயரைப் பொதுவில் போடவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பெண் பிட்ச்சர் (பந்து போடுகிறவள்) என்றால் தயங்காமல் சேர்க்கலாம். பேட்டிங்தான் அவளுடைய பலம் என்றால் கொஞ்சம் யோசியுங்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மொத்தம் நான்கு கோச்சுகள். ஹெட் கோச் மட்டும்தான் முழுநேரம், அவரும் உடற்கல்வி வகுப்பு எடுக்கும் ஆசிரியர். பிட்ச்சிங்குக்கு ஒருவர், பேட்டிங்கையும் அவுட்ஃபீல்டையும் (மைதானத்தின் வெளிப்பகுதி) சேர்த்துப் பார்க்க ஒருவர், இதே அணியில் சில வருடங்களுக்கு முன் ஆடிய ஒரு பெண் இன்ஃபீல்டுக்கு (பேஸ்களைச் சுற்றிய உள்பகுதி). இவர்கள் மூவரும் பகுதிநேரம்தான், வேறு வேலை முடித்துவிட்டு வருகிறவர்கள். பெரிய பல்கலைக்கழக அணிகளில் வீடியோ பார்க்கத் தனி ஆள், உடற்பயிற்சிக்குத் தனி ஆள் என்று இருப்பார்கள், இங்கே அதெல்லாம் கிடையாது. மழை பெய்த மறுநாள் தேங்கிய தண்ணீரை எடுத்து, மண்ணை வாரிச் சமப்படுத்தி, வெள்ளைக் கோடு போடுவதும் இந்த நான்கு பேர்தான்.

பிட்ச்சிங் கோச் பற்றித்தான் நிறைய சொல்ல வேண்டும். என் மகள் ஹைஸ்கூலில் வேகத்தை மட்டுமே வைத்து ஜெயித்தவள். இந்த அம்மா முதல் நாள் மெத்தை வைத்த ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு, கிளவுஸை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, அவள் போட்ட பந்தையெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் பிடித்தார். பிட்ச் போடும் இடத்துக்கும் பேட் பிடிப்பவள் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் 43 அடிதான், மணிக்கு 60 மைல் வேகத்தில் வந்தால் பேட் பிடிப்பவளுக்கு அரை வினாடி கூடக் கிடையாது. அப்படி இருந்தும் கல்லூரி அளவில் ஆடுகிறவர்கள் இரண்டாவது முறை பேட் பிடிக்க வரும்போது அந்த வேகத்துக்குப் பழகிவிடுவார்கள் என்றார். 'உன் சேஞ்சப் (ஃபாஸ்ட்பால் போலவே தெரிந்து மெதுவாக வர வேண்டிய பந்து) எனக்கே முன்கூட்டித் தெரிகிறது, கையை மெதுவாக்கிவிட்டுப் போடுகிறாய், அது சரியாகும் வரை மேட்சில் உன்னைப் போடவிட மாட்டேன்' என்று பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். மகள் அன்று காரில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

சொன்னதோடு நிற்கவில்லை, அதுதான் விஷயம். அந்த ஃபால் செமஸ்டர் முழுக்க வலைக்குப் பக்கத்தில் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்ற வைத்து, கை முழு வேகத்தில் சுற்றி வர, பந்தை விடும் நேரத்தில் மட்டும் புறங்கை கேட்சர் (பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவள்) பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று அதையே திரும்பத் திரும்பப் போட வைத்தார். தோளும் இடுப்பும் ஃபாஸ்ட்பால் போடும்போது போலவே இருக்க வேண்டும், பந்து மட்டும் தாமதமாக வர வேண்டும். பயிற்சி முடிந்து மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிறகும் இந்த இருவரும் அங்கேயே இருப்பார்கள்.

சீசனில் ஒரு மேட்ச். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் (இன்னொரு பந்து தவறாகப் போனால் எதிரணிப் பெண் சும்மாவே முதல் பேஸுக்குப் போவாள், இன்னொரு ஸ்ட்ரைக் விழுந்தால் அவள் அவுட்), பேஸ்களில் ஆள் நிற்கிறார்கள். அணி உட்காரும் டக்அவுட்டிலிருந்து பிட்ச்சிங் கோச் மூன்று எண்களைக் கத்துகிறார், எந்தப் பந்து என்று கேட்சர் மணிக்கட்டில் கட்டியிருக்கும் அட்டையைப் பார்த்துவிட்டு உட்காருகிறாள். அந்த நேரத்தில் போய் சேஞ்சப் கேட்பார் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். எதிரணிப் பெண் பேட்டை முழுசாகச் சுழற்றி முடித்த பிறகுதான் பந்து பிளேட்டைத் தாண்டியது. கோச் துள்ளிக் குதிக்கவில்லை, நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் கை நடுங்கியது.

இன்னொன்று, இதைப் பெற்றோர் கட்டாயம் கவனிக்க வேண்டும். கல்லூரி சாஃப்ட்பாலில் ஒரு பிட்ச்சர் இத்தனை பந்துதான் போடலாம் என்று விதி கிடையாது. கையைக் கீழிருந்து சுற்றிப் போடுவதால் தோளுக்கு ஒன்றும் ஆகாது என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அது தப்பு. தோளின் முன்பக்கத்திலும் பைசெப்ஸ் தசைநாரிலும் நல்ல பாரம் ஏறுகிறது. முன்பு அவள் ஆடிய, ஊர் ஊராகப் போய் ஆடும் ஒரு டிராவல் கிளப்பில் சனி, ஞாயிறு முழுக்க இவளையே போட வைத்து, திங்கட்கிழமை தலை வாரக் கையைத் தூக்க முடியாமல் இருந்திருக்கிறாள். இங்கே பயிற்சியில் போடும் பந்தையும் சேர்த்து எண்ணி எழுதி வைக்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு மேட்ச் இருந்தால் இரண்டாவதுக்கு வேறு பிட்ச்சர்தான், அந்த மேட்ச் கையை விட்டுப் போனாலும் சரி. அப்படிப் போனதும் உண்டு. பார்க்கும்போது வயிறு எரிந்தது, ஆனால் கோச் செய்ததுதான் சரி.

ஹெட் கோச் வேறு மாதிரி ஆள். பேச்சு குறைவு, படிப்பு விஷயத்தில் மட்டும் விடாப்பிடி. கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் விளையாட்டை நடத்துவது சி.சி.சி.ஏ.ஏ. அமைப்பு. அதன் விதிப்படி சீசன் நடக்கும்போது 12 யூனிட் (பாடங்களை எண்ணும் அளவு) எடுத்திருக்க வேண்டும், இரண்டாவது சீசன் ஆட 24 யூனிட் முடித்திருக்க வேண்டும், மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. 2.0க்குக் குறையக் கூடாது. இது குறைந்தபட்சம்தான். இவர் அதோடு விடுவதில்லை, செமஸ்டர் நடுவிலேயே ஒவ்வொரு பேராசிரியரிடமும் கையெழுத்து வாங்கி வரச் சொல்லிப் பார்க்கிறார். விளையாட்டுக்குப் போனால் படிப்பு போச்சு என்று நினைக்கும் நம் வீடுகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். என் மகளுக்கு ஒரு செமஸ்டரில் வேதியியல் லேப் பயிற்சி நேரத்தில் வந்து விழுந்தது. லேபை விடாதே, முடித்துவிட்டு வா என்றார். அவள் இருட்டுகிற நேரத்தில் வந்து சேர்ந்தபோது இன்ஃபீல்டு கோச் தனியாகக் காத்திருந்து பந்து அடித்துக் கொடுத்தார். அதற்காக ஒரு மேட்சில் கூட அவளை உட்கார வைக்கவில்லை.

பெற்றோரிடம் இவர் ஆட்ட நேரம் பற்றிப் பேச மாட்டார். முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவார். உங்கள் பெண்ணுக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவளே வந்து கேட்கட்டும், எப்போது வந்தாலும் பதில் சொல்வேன் என்பார். சில அப்பாக்களுக்கு இது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது, ஏனென்றால் கேட்டவளுக்கு நிஜமான பதில் கிடைத்தது. டிரான்ஸ்ஃபர் பேச்சு வந்தபோது அவளுக்கு நான்கு வருடக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் டிவிஷன் மேல்தான் ஆசை. அங்கே போனால் பெஞ்சில்தான் இருப்பாய், இரண்டாவது டிவிஷனில் உன் பாடப்பிரிவும் உள்ள கல்லூரிகள் இவை என்று பட்டியலோடு உட்கார்ந்து பேசினார். அழுதாள். அப்புறம் அந்தப் பட்டியலில் இருந்த ஒரு கல்லூரிதான் ஓரளவு உதவித்தொகையோடு கூப்பிட்டது, இப்போது அங்கேதான் போகிறாள்.

சரி, குறைகள். பேட்டிங் பயிற்சி போதவில்லை. ஒரே ஆள் அத்தனை பேரையும் பார்ப்பதால் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஸ்விங் சொல்லிக்கொடுக்கிறார். இடது பக்கம் நின்று ஓடிக்கொண்டே தட்டும் ஸ்லாப் அடிக்கிற பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களுக்கென்று தனியாக எதுவும் நடக்கவில்லை. ஒருத்தி நன்றாக அடித்துக்கொண்டிருந்தவள், நடுவில் தடுமாறிப்போனபோது ஏன் என்று பிரித்துப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் சீசன் முடியும் வரை மீளவே இல்லை. அந்தப் பெண்ணை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. ரன் வராத நாளில் உடனே பன்ட் போடச் (பேட்டைச் சுழற்றாமல் பந்தை மெல்லத் தட்டிவிடச்) சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. மழையால் மேட்ச் மாறினால் தகவல் கடைசி நேரத்தில்தான் வரும். அடிபட்டால் பார்க்கும் டிரெய்னர் எல்லா அணிகளுக்கும் பொது, காத்திருக்க வேண்டும். இது கோச்சுகளின் குற்றம் இல்லை.

பண விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்க அனுமதியே கிடையாது. வேறு பல மாநிலங்களில் இரண்டு வருடக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.ஜே.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல், இரண்டாம் டிவிஷன் காலேஜ்கள் கொடுக்கலாம், மூன்றாவதில் கிடையாது. அதனால் இங்கே யாராவது பணம் தருகிறேன் என்று பேசினால் நம்பாதீர்கள்.

இன்னொரு விதியும் உண்டு: உங்கள் வீடு அந்தக் காலேஜ் ஆள் சேர்க்கும் எல்லைக்கு வெளியே இருந்தால் கோச் முதலில் உங்களைத் தொடர்புகொள்ளக் கூடாது, உங்கள் பெண்தான் முதலில் எழுத வேண்டும். கூப்பிடவில்லையே என்று காத்திருக்காமல் எழுதச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ஆடுகிறாள், என்ன படிக்க நினைக்கிறாள், எப்போது ஹைஸ்கூல் முடிக்கிறாள் என்று நாலு வரி போதும், கூடவே நல்லதை மட்டும் வெட்டி ஒட்டாத ஒரு முழு இன்னிங்ஸ் வீடியோ. ஹெட் கோச்சே பதில் போடுவார், போனில் பேச நேரமும் கொடுப்பார். அந்த போனை நீங்கள் எடுக்காதீர்கள், அவளிடம் கொடுங்கள்.