காலையில் எவரெஸ்ட், மீதி நாள் காத்மாண்டு: விமானமா, ஹெலிகாப்டரா, நகர்கோட்டா?

முக்திநாத் யாத்திரை போகும் நம்மூர்க்காரர்கள் பலருக்குக் காத்மாண்டுவில் மிஞ்சுவது ஒரே ஒரு முழு நாள். அதற்குள் எவரெஸ்டைப் பார்க்க வேண்டும், பசுபதிநாதரைத் தரிசிக்க வேண்டும், பழைய அரண்மனைச் சதுக்கம் ஒன்றையாவது சுற்றிவிட வேண்டும். மலையைப் பார்க்க மூன்று வழிகள் உண்டு: ஒரு மணி நேர மலைக்காட்சி விமானம், எவரெஸ்டுக்கு எதிரே இருக்கும் காலா பத்தர் மேடு வரை போகும் ஹெலிகாப்டர், காரில் நகர்கோட் போய்ப் பார்க்கும் சூரிய உதயம். எல்லோரும் விலையை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: வானிலை கைவிட்டால் மீதி நாள் என்ன ஆகும்?

முதலில் விமானம். திரிபுவன் விமான நிலையத்தின் உள்நாட்டு முனையத்திலிருந்து காலை ஆறு, ஆறரைக்குக் கிளம்பத் தொடங்குவார்கள். கிழக்கே போகும்போது இடதுபக்கத்தவர்களுக்கு மலை, திரும்பும்போது வலதுபக்கத்தவர்களுக்கு. ஜன்னல் இருக்கைகளை மட்டுமே விற்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. பணிப்பெண் ஒவ்வொருவரிடமும் குனிந்து, கையிலிருக்கும் மலைப் படத்தோடு ஒப்பிட்டு, இது லாங்டாங், இது கௌரிசங்கர் என்று காட்டிக்கொண்டே வருவார். அம்மையும் அப்பனுமாக இரட்டைக் கொடுமுடி கொண்ட அந்த 7,134 மீட்டர் மலையை நம் ஆட்கள் கைகூப்பித்தான் பார்ப்பார்கள்.

எவரெஸ்ட் தனியாக நிமிர்ந்து நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நுப்ட்சே, லோட்சே மலைகளின் நீண்ட சுவருக்குப் பின்னாலிருந்து கறுத்த முக்கோணமாக எட்டிப் பார்க்கும். காற்று பனியை வழித்துவிடுவதால் அந்தக் கறுப்பு. இந்தப் பயணத்துக்கு ஓட்டும் ஏடிஆர் ரக விமானம் ஏறக்கூடிய உச்சமே 25,000 அடி, சிகரமோ 8,848.86 மீட்டர், அதாவது 29,000 அடிக்கும் மேல். விமானத்தில் பறந்தாலும் சிகரம் நமக்கு மேலேதான் இருக்கிறது. ஏடிஆரில் முன்பக்கச் சில வரிசைகளில் என்ஜின் மறைக்கும், அதனால் இறக்கைக்குப் பின்னால் இடம் கேளுங்கள். கறுப்புச் சட்டை போட்டால் கண்ணாடியில் நம் பிம்பம் விழாது, படம் தெளிவாக வரும்.

கட்டணம் வெளிநாட்டவருக்கு ஏறக்குறைய 200 டாலர். இந்தியர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். எல்லாம் சரியாக நடந்தால் எட்டு மணிக்கு வெளியே வந்துவிடலாம்.

ஹெலிகாப்டர் தரும் அனுபவமே வேறு. வழியில் லுக்லா என்ற மலையூர் விமான நிலையத்தில் எரிபொருள் நிரப்பி, கும்பு பனியாற்றின் மேல் பறந்து, சுமார் 5,550 மீட்டர் உயரத்தில் காலா பத்தரில் இறங்கி, எவரெஸ்டை நேருக்கு நேர் பார்க்கலாம். திரும்பும் வழியில் 3,880 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் வியூ ஹோட்டலில் காலை உணவு. விமான ஜன்னலில் கிடைப்பது இதற்குப் பக்கத்தில்கூட வராது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இது நான்கு மணி நேர வேலை, அதுவும் எல்லாம் ஒத்துழைத்தால். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஐந்து பேரையும் ஒரே தடவையில் தூக்க முடியாது. கீழே ஃபெரிச்சேயிலோ கோரக்ஷேப்பிலோ இரண்டு மூன்று பேரை இறக்கிவிட்டு, முறை வைத்து மேலே கொண்டுபோவார்கள். உச்சியில் நிற்பது ஐந்து, பத்து நிமிடம்தான். ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ உள்ள பெரியவர்களை அழைத்துப் போகவே வேண்டாம். வழியில் மேகம் அடைத்தால் லுக்லாவில் காத்திருக்க வேண்டியதுதான், மதியத் திட்டம் அத்தனையும் போய்விடும். 2025 ஜனவரியில் உள்ளூர் எதிர்ப்பால் இந்த ஹெலிகாப்டர் சுற்றுலா முடங்கியதும் நடந்தது. ஆளுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும் செலவு வேறு.

நகர்கோட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2,100 மீட்டருக்கு மேல் இருக்கும் மலையூர். லாங்டாங் தொடர் அழகாகத் தெரியும், எவரெஸ்ட் தெளிவான நாளில் ஒரு புள்ளியாகத் தெரியும். பறக்கப் பயப்படுபவர்களுக்கும் செலவைக் குறைக்க வேண்டியவர்களுக்கும் நல்லது. இறங்கும் வழியிலேயே பழைய அரண்மனைச் சதுக்கம் உள்ள பக்தபூர் நகரம் வருவது பெரிய லாபம். முந்தின இரவே போய்த் தங்க முடிந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஒரு நாள்தான் என்றால் என் ஓட்டு விமானத்துக்கே. தாமதத்தைத் தாங்கும்படி மீதி நாளை அமைத்துக்கொள்ளலாம் என்பதே காரணம். பசுபதிநாதர் கோயில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பௌத்தநாத் ஸ்தூபியும் தூரமில்லை. எட்டு மணிக்கு வந்துவிட்டால் நேராகக் கோயில், அப்புறம் ஸ்தூபி, மதியம் பக்தபூர். விமானம் பதினொன்றுக்குத்தான் திரும்பியது என்றால் கோயிலுக்கு ஓடாதீர்கள், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஸ்தூபியைப் பார்த்துவிட்டு, பக்தபூருக்குப் பதில் நகரை ஒட்டியே இருக்கும் இன்னொரு பழைய அரண்மனை நகரமான பாட்டன் போங்கள். மாலையில் பசுபதிநாதர் தரிசனத்தோடு பாக்மதிக் கரை ஆரத்தியும் சேர்ந்து கிடைக்கும். சனிக்கிழமை அங்கே விடுமுறை, கோயிலில் கூட்டம் நெரியும்.

பக்தபூரா, பாட்டனா என்று நேரம் இருக்கும்போது கேட்டால் பக்தபூர்தான். 1702-இல் பூபதீந்திர மல்லர் கட்டிய ஐந்தடுக்கு நியாதபோலா கோயில் 1934, 2015 நிலநடுக்கங்கள் இரண்டையும் தாங்கி நிற்கிறது. படிகளில் மல்யுத்த வீரர்கள், அவர்களுக்கு மேல் யானை, அதற்கு மேல் சிங்கம் என்று காவல் உருவங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே இருப்பதைவிடப் பத்து மடங்கு பலமாம். மண்சட்டியில் தரும் ஜுஜு தௌ தயிரைச் சாப்பிடாமல் வராதீர்கள். பாட்டனும் லேசுப்பட்டதில்லை: 1637-இல் கட்டிய கிருஷ்ணர் கற்கோயிலில் பாரதமும் ராமாயணமும் அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. சுயம்புநாத் நகரின் மேற்குக் கோடியில் இருக்கிறது, அதை இந்த நாளில் திணிக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2011 செப்டம்பர் 25 அன்று, எவரெஸ்டைக் காட்டிவிட்டுத் திரும்பிய விமானம் ஒன்று மேகமூட்டத்தில் காத்மாண்டுவுக்குத் தெற்கே மலையில் மோதி, இருந்த 19 பேரும் இறந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். 2023 ஜூலையில் லுக்லாவுக்கு அருகிலிருந்து கிளம்பிய ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர் விழுந்து ஆறு பேர் போனார்கள். இரண்டுமே மழைக்கால மாதங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தத் திட்டமே வேண்டாம். அக்டோபர், நவம்பரில் வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் மலை தெளிவாக இருந்தாலும் ஓடுபாதையில் பனிமூட்டம் நிற்கும். அப்போது கவுண்டரில் போய்ச் சண்டை போடாதீர்கள், அவர்கள் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள்.

அதனால்தான் ஊருக்குத் திரும்பும் நாளில் மலை விமானத்தை வைக்கக் கூடாது என்கிறேன். சென்னைக்குப் பெரும்பாலும் டெல்லியில் மாற வேண்டும், அந்த அவசரத்தோடு பனி விலகக் காத்திருக்க யாராலும் முடியாது. முந்தின நாள் காலையில், அன்றைய முதல் விமானத்துக்கே பதிவு செய்யுங்கள். பனி விலகியதும் அதுதான் பெரும்பாலும் முதலில் கிளம்பும்; ரத்தானால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு அன்று முழுக்க பக்தபூரில் நிதானமாக நடக்கலாம்.