ஃபோட்டோவும் எடுக்கற சின்ன கேம்கார்டர்: பல வருஷம் யூஸ் பண்ணின அனுபவம்

போன்லயே 4கே வீடியோ வருது, அப்புறம் எதுக்கு தனியா ஒரு கேம்கார்டர்னு என்கிட்ட நிறைய பேர் கேட்டாச்சு. நான் பல வருஷமா ஒரு சின்ன கேம்கார்டர வச்சிருக்கேன், உள்ளங்கைக்குள்ள அடங்கற சைஸ், பேட்டரி போட்டாலும் கால் கிலோ வராது, வீடியோதான் அதோட மெயின் வேலை, கூடவே ஸ்டில் ஃபோட்டோவும் எடுக்கும். எந்த கம்பெனி எந்த மாடல்னு சொல்லப் போறதில்ல, ஏன்னா இதுல நான் பார்த்த நல்லது கெட்டது எல்லாமே இந்த சைஸ்ல வர்ற எல்லா கேம்கார்டருக்கும் கிட்டத்தட்ட பொருந்தும். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், தூரத்துல நடக்கற ஒரு விஷயத்த ஆரம்பத்துலேர்ந்து முடியற வரைக்கும் விடாம எடுக்கணும்னா தாராளமா இத வாங்கலாம், ஃபோட்டோவுக்காக வாங்கணும்னு நினைச்சீங்கன்னா வேண்டவே வேண்டாம்.

ரெண்டுக்குமே காரணம் ஒண்ணுதான், உள்ள இருக்கற சென்சார், அதாவது லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்த படமா மாத்தற சிப். என்னோடதுல 1/5.8 இன்ச் வகை சென்சார், அந்த இன்ச் வெறும் வகைப் பேருதான், நிஜமா மூலைக்கு மூலை அளந்தா சுமார் 3 மில்லிமீட்டர்தான் வரும், கம்பு தானியம் ஒண்ணு எவ்வளவு பெருசோ அவ்வளவு. சென்சார் இத்தனை சின்னதா இருக்கறதாலதான் லென்ஸும் சின்னதா இருந்தே 30 மடங்கு ஆப்டிகல் ஜூம், அதாவது லென்ஸே நிஜமா கிட்ட கொண்டு வர்ற ஜூம், தர முடியுது. ஸ்டில் கேமரா கணக்குல சொன்னா 27 மில்லிமீட்டர் வைட்ல (அகலமா தெரியற கோணம்) ஆரம்பிச்சு 800 மில்லிமீட்டர் வரைக்கும் போகுது, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவுல 800க்கு லென்ஸ் வேணும்னா அது கிலோ கணக்குல கனக்கும், அத வச்சு ஒரு மணி நேரம் கையில பிடிச்சு நிக்கறதெல்லாம் நடக்காது. ஆனா அதே சின்ன சென்சார்தான் வெளிச்சம் குறைஞ்சா திணறுது, ஃபோட்டோல டீடெய்ல் இல்லாம பண்ணுது. ஒண்ண எடுத்துக்கிட்டா இன்னொண்ணையும் ஏத்துக்கிட்டுதான் ஆகணும்.

ஜூம் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா நான் இத இன்னும் கையில வச்சிருக்கறதுக்கு அதான் முதல் காரணம். மேல இருக்கற ஜூம் லிவர லேசா அழுத்தினா மெதுவா போகும், நல்லா அழுத்தினா வேகமா போகும், கொஞ்ச நாள் பழகிட்டா விரலுக்கே அந்த அளவு தெரிஞ்சிடும். அக்கா பொண்ணு மேடையில டான்ஸ் ஆடறப்ப நான் கடைசி வரிசைலதான் நின்னேன், முழு மேடையும் தெரியற மாதிரி வச்சுட்டு, அவ முன்னாடி வர்ற எடத்துல மெதுவா உள்ள போய் முகம் மட்டும் வர்ற மாதிரி கொண்டு வந்தேன், கண்ணுல இட்ட மை வரைக்கும் தெளிவா இருந்துச்சு, திரும்ப அதே மாதிரி மெதுவா வெளிய வந்தேன், நடுவுல எந்த எடத்துலயும் படம் குதிக்கல. போன்ல இதே மாதிரி பண்ணினா ஒரு லென்ஸ்லேர்ந்து இன்னொரு லென்ஸுக்கு மாறற எடத்துல கலரும் ஃப்ரேமும் டக்குனு மாறும், அதுக்கு மேல போனா வெறும் டிஜிட்டல் ஜூம்தான், அதாவது படத்த வெட்டி பெருசாக்கறது. டிஜிட்டல் ஜூம்னதும் ஞாபகம் வருது, அட்டைப்பெட்டி மேல 300, 350 மடங்குனு பெரிய நம்பர் போட்டிருப்பாங்க, அத நம்பி வாங்காதீங்க, ஆப்டிகல்னு போட்ட நம்பர் மட்டும்தான் கணக்கு, வாங்கினதும் மெனுல போய் டிஜிட்டல் ஜூம ஆஃப் பண்ணிடுங்க.

கை ஆட்டத்த குறைக்கற ஸ்டெபிலைசர் நல்லாவே வேலை செய்யுது, வைட்ல வச்சு நடந்துகிட்டே எடுத்தாகூட பாக்கற மாதிரி இருக்கும். ஆனா ஜூம கடைசி வரைக்கும் கொண்டு போயிட்டா மூச்சு விடறதுகூட படத்துல தெரியும், அப்ப ட்ரைபாட் இல்லாம முடியாது. ட்ரைபாட்ல வச்சா ஸ்டெபிலைசர ஆஃப் பண்ணிடறது நல்லது, இல்லேன்னா மெதுவா ஒரு பக்கம் திருப்பி நிறுத்தறப்ப படம் ஒரு நொடி தானா நகர்ந்து போய் நிக்கும். இன்னொரு தொல்லை, என்னோடதுல மெமரி கார்டு மூடி அடிப்பக்கத்துல இருக்கு, ட்ரைபாட் பிளேட் மாட்டிட்டா அத திறக்கவே முடியாது, கார்டு மாத்தணும்னா மொத்தத்தையும் கழட்டணும். வாங்கறதுக்கு முன்னாடி இத பாத்துக்கோங்க, சின்ன விஷயம்தான், ஆனா நிகழ்ச்சி நடுவுல கார்டு நிறைஞ்சா அப்ப தெரியும் இது எவ்வளவு பெரிய விஷயம்னு.

மேடை நிகழ்ச்சி எடுக்கறவங்களுக்கு சில விஷயம். சுத்தி இருட்டு, ஆள் மேல மட்டும் லைட்டுன்னா ஆட்டோல விட்டா முகம் வெள்ளையா வெளிறிப் போயிடும், ஏன்னா கேமரா இருட்டையும் சேத்து கணக்கு பண்ணி வெளிச்சத்த ஏத்திடுது. அதுக்குன்னே ஸ்பாட்லைட்னு ஒரு சீன் மோட் பெரும்பாலான கேம்கார்டர்ல இருக்கு, அத போட்டா முகம் சரியா வரும். லைட்ட அணைச்சு அணைச்சு போடறப்ப ஆட்டோ ஃபோக்கஸ் முன்னயும் பின்னயும் தேட ஆரம்பிக்கும், அதனால மேடைல ஆள் வந்ததும் ஃபோக்கஸ் பிடிச்சு மேனுவலுக்கு மாத்தி லாக் பண்ணிடுவேன், சென்சார் சின்னதுங்கறதால வைட்ல வச்சா முன்ன பின்ன நகர்ந்தாலும் ஃபோக்கஸ் போகாது, முழு ஜூம்ல மட்டும் பாத்துக்கணும். பக்கத்துல யாராவது ஃபிளாஷ் போட்டு ஃபோட்டோ எடுத்தா சில ஃப்ரேம்ல பாதி படம் மட்டும் வெள்ளையா வரும், இது கேமரா பழுதில்ல, சீமாஸ் சென்சார் மேலேர்ந்து கீழ வரி வரியா படிக்கறதால வர்றது, பயந்துடாதீங்க. லைட்டுல வரி ஓடற மாதிரி தெரிஞ்சா ஷட்டர் ஸ்பீட (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் விழற நேரம்) மாத்த வழி இருக்கான்னு பாருங்க, 50 ஹெர்ட்ஸ் கரண்ட் உள்ள எடத்துல 1/50 இல்ல 1/100, 60 ஹெர்ட்ஸ்னா 1/60 இல்ல 1/120 வச்சா பெரும்பாலும் நின்னுடும்.

அடுத்தது நேரம். பழைய ஸ்டில் கேமரா நிறையதுல 29 நிமிஷம் 59 செகண்ட்ல வீடியோ தானா நின்னுடும், 30 நிமிஷமோ அதுக்கு மேலயோ எடுத்தா ஐரோப்பிய யூனியன் சுங்க விதிப்படி அது வீடியோ கேமரா ஆயிடும், வரி கூடும்ங்கறதால அந்தக் காலத்துல வச்ச கட்டுப்பாடு அது. கேம்கார்டருக்கு அந்தக் கதையே இல்ல, கார்டும் பேட்டரியும் இருக்கற வரைக்கும் ஓடும். நடுவுல போன் கால் வராது, பாடி சூடாகி நின்னதா என்னோடதுல ஒரு தடவகூட பாத்ததில்ல. கணக்கு வேணும்னா, 24 எம்பிபிஎஸ்ல (ஒரு நொடிக்கு 24 மெகாபிட்) எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு சுமார் 11 ஜிபி ஆகும், 32 ஜிபி கார்டுல மூணு மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மியா வரும். 50 எம்பிபிஎஸ்னா அப்படியே ரெட்டிப்பு, 22 ஜிபிக்கு மேல.

பேட்டரிதான் குறை. கூட குடுக்கற பேட்டரி ரொம்ப சின்னது, எல்சிடிய திறந்து வச்சு ஜூமும் பண்ணிட்டு இருந்தா பெட்டில போட்டிருக்கற நேரத்துல பாதிதான் வருது. பின்னாடி வெளிய மாட்டற பேட்டரி உள்ள மாடலா இருந்தா பெரிய பேட்டரி வாங்கி மாட்டலாம், பாடிக்குள்ள போடறதா இருந்தா அதே சைஸ்ல இன்னொண்ணு வாங்கி வச்சுக்கறது தவிர வழியில்ல. சிலது யூஎஸ்பில பவர் பேங்க் மாட்டினா ரெக்கார்ட் ஆகிட்டே ஓடும், சிலது சார்ஜ் மட்டும்தான் ஆகும், இத மேனுவல்ல பாத்துட்டு வாங்குங்க.

ஃபைல் விஷயத்துல புதுசா வாங்கறவங்க கண்டிப்பா குழம்புவாங்க. ஏவிசிஹெச்டினு ஒரு ஃபார்மேட், 2006ல சோனியும் பானசோனிக்கும் சேந்து கொண்டு வந்தது, இன்னும் நிறைய கேம்கார்டர்ல இருக்கு. இதுல எடுத்தா கார்டுக்குள்ள ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர்னு போய் கடைசில ஸ்ட்ரீம்ங்கற ஃபோல்டர்ல எம்டிஎஸ் ஃபைலா இருக்கும், நீளமான வீடியோன்னா தானாவே பல துண்டா பிரிஞ்சிருக்கும். அந்த துண்டுகள மட்டும் தனியா காப்பி பண்ணி எடிட்டிங்ல ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வச்சா சேர்ற எடத்துல சவுண்ட் ஒரு துளி விட்டுப் போகும், பாட்டு ஓடிட்டிருந்தா காதுல பட்டுனு குத்தும். கார்டுல இருக்கற மொத்த ஃபோல்டரையும் அப்படியே கம்ப்யூட்டருக்கு காப்பி பண்ணிட்டு, கேமராவோட சாஃப்ட்வேர் வழியாவோ ஏவிசிஹெச்டி ஃபோல்டர முழுசா புரிஞ்சுக்கற எடிட்டர் வழியாவோ எடுத்தா சவுண்ட் அறுபடாம சேந்து வரும். அதே மாதிரி 50ஐ, 60ஐனு இருக்கற செட்டிங்ல எடுக்காதீங்க, அது ஒரு வரி விட்டு ஒரு வரி எடுக்கறது, கம்ப்யூட்டர்ல நிறுத்திப் பாத்தா ஆடற கையெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி வரி வரியா தெரியும். முழுப் படத்தையும் ஒரே நேரத்துல எடுக்கற 50பி, 60பி இருந்தா அதையே வச்சுக்கோங்க.

சவுண்ட பத்தி விளம்பரத்துல யாரும் பெருசா பேச மாட்டாங்க, எனக்கு படத்தவிட அதுதான் முக்கியம். உள்ள இருக்கற ரெண்டு மைக்கும் பரவால்ல, பக்கத்துல பேசறது தெளிவா விழும். ஆனா அமைதியான எடத்துல ஆட்டோ லெவல் சத்தத்த தானா ஏத்தி ஸ்ஸ்னு ஒரு இரைச்சல கொண்டு வந்துடுது, அப்ப ஜூம் பண்ணினா மோட்டார் சத்தமும் லேசா கேக்கும். என்னோடதுல வெளி மைக் மாட்ட ஜாக் இல்ல, விலை கம்மியான மாடல் நிறையதுல இருக்காது. நான் பண்றது என்னன்னா, போன்ல வாய்ஸ் ரெக்கார்டர் போட்டு பேசறவங்க பக்கத்துலயோ ஸ்பீக்கர் பக்கத்துலயோ வச்சுடுவேன், ரெண்டும் ஓட ஆரம்பிச்சதும் கேமரா முன்னாடி பலமா ஒரு கை தட்டு, அப்புறம் எடிட்டிங்ல அந்த தட்டு சத்தத்த வச்சு ரெண்டையும் சேத்துடலாம். வெளிய எடுக்கறப்ப விண்ட் கட் ஆன் பண்ணுங்க, காத்து சத்தம் முழுசா போகாது, ஆனா குறையும்.

இப்ப ஃபோட்டோ. என்னோட கேம்கார்டர் 9 மெகாபிக்சல் ஃபோட்டோ எடுக்கும்னு போட்டிருக்கு, ஆனா ஸ்பெக்ல கீழ சின்ன எழுத்துல பாத்தா சென்சார்ல நிஜமா வேலை செய்யற பிக்சல் 2 மெகாபிக்சல் சொச்சம்தான், மீதிய அதுவே கணக்கு போட்டு நிரப்புது. அதனால கம்ப்யூட்டர்ல முழு சைஸ்ல திறந்து பாத்தா இலை, முடி, துணி நெசவு எல்லாம் தண்ணி பட்ட பெயிண்ட் மாதிரி ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடக்கும். நல்ல வெயில்ல எடுத்து 6க்கு 4 இன்ச் பிரிண்ட் போட்டா குறை தெரியாது, 300 டிபிஐல (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) அதுக்கு வேண்டியது 21.6 லட்சம் பிக்சல்தான். ஏ4 சைஸுக்கு போனா பல்ல இளிக்கும். வீட்டுக்குள்ள சாயங்காலத்துக்கு மேல எடுத்தா படம் முழுக்க புள்ளி புள்ளியா நாய்ஸ்தான், பின்னாடி அழகா மங்கலா வர்றதும் இதுல எதிர்பாக்க முடியாது.

ஆனா ஒரு எடத்துல இந்த ஃபோட்டோ மோட் எனக்கு ரொம்ப பிடிக்கும், நிலா. முழு ஜூம்ல நிலா ஃப்ரேம் உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு வந்து நிக்கும். ஆட்டோல விட்டா வெறும் வெள்ளை வட்டம்தான், எக்ஸ்போஷர (படத்தோட வெளிச்ச அளவு) நல்லா குறைச்சா அப்படியே கருப்புத் திட்டு, பள்ளம் எல்லாம் மெல்ல மெல்ல வெளிய வரும். முழு நிலாவ விட பாதி நிலால எடுங்க, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கற ஓரத்துல பள்ளத்தோட நிழல் நீளமா விழும், அந்த ஓரத்துல கிடைக்கற டீடெய்ல பாத்தா இத்தனூண்டு கேமராவான்னு இருக்கும். ட்ரைபாட்ல வச்சு, கை படற ஆட்டம் வராம செல்ஃப் டைமர்ல எடுக்கணும். தூரத்து மரத்துல உக்காந்திருக்கற பறவைக்கும் இதே ஜூம் உதவும், பறக்கறத எடுக்க நினைக்காதீங்க, பட்டன அழுத்தறதுக்கும் படம் பதியறதுக்கும் நடுவுல பறவை போயிடும், அதுக்கு வீடியோவா எடுத்து ஒரு ஃப்ரேம பிரிச்சு எடுத்துக்கறதே மேல்.

ரொம்ப நாள் வச்சிருந்தா மட்டும் தெரியற ஒரு குறை, உள்ள தேதி நேரத்துக்குன்னு ஒரு குட்டி பேட்டரி இருக்கு, சில மாசம் தொடாம வச்சுட்டா அது காலியாகி தேதி பழையபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சிடும். எடுத்த வீடியோ எல்லாம் தப்பு தேதில பதிஞ்சா பின்னாடி எதுன்னு தேடறது பெரிய வேலை. அப்பப்ப ஒரு நாள் முழுக்க அடாப்டர்ல மாட்டி வச்சா அந்த பேட்டரி திரும்ப சார்ஜ் ஆயிடும். அலமாரில வைக்கறப்ப மெயின் பேட்டரிய கழட்டி பாதி சார்ஜ்ல வைங்க, முழுசா ஏத்தியும் வைக்க வேண்டாம், காலியாவும் வைக்க வேண்டாம்.

இப்ப புது மாடல் வர்றதே குறைஞ்சு போச்சு, பழசா வாங்கறவங்கதான் அதிகம். வாங்கறவங்க எல்சிடிய மெதுவா திறந்து மூடி, திருப்பி, எந்த கோணத்துலயாவது படம் விட்டு விட்டு வருதான்னு பாருங்க, கீல்குள்ள போற ஒயர் தேய்ஞ்சிருந்தா அங்கதான் காட்டும். வைட்லேர்ந்து கடைசி ஜூம் வரைக்கும் போய் வரணும், நடுவுல ஃபோக்கஸ் திரும்ப பிடிக்குதான்னு பாக்கணும். லென்ஸ் மூடி முழுசா திறக்குதான்னும் பாருங்க, பாதில நின்னா படத்தோட ஓரம் கருப்பா இருக்கும். கடைசியா இடது பக்கம் ஒரு தடவ, வலது பக்கம் ஒரு தடவ விரல சொடுக்கி ரெக்கார்ட் பண்ணி ஹெட்போன்ல கேளுங்க, ரெண்டு மைக்ல ஒண்ணு செத்துப் போயிருந்தா ஸ்பீக்கர்ல கேக்கறப்ப தெரியவே தெரியாது.