கார்த்தேஜ் போகிறவர்களே, டிக்கெட்டை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்

துனிசியாவின் தலைநகர் டூனிஸிலிருந்து ஒருநாள் பயணமாகக் கார்த்தேஜ் என்ற பழங்கால நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆளுக்கு 150 தினார் கொடுத்து நானும் மனைவியும் நன்றாக ஏமாந்தோம்.

ஹோட்டலுக்குப் பக்கத்திலிருந்த ஏஜென்சியில் "முழு நாள், கார்த்தேஜ் முழுவதும், வழிகாட்டியோடு" என்றார்கள். வழிகாட்டி என்று வந்தவர் வெறும் கார் ஓட்டுநர். டிக்கெட்டை அவரே வாங்கி, வாசலில் காட்டிவிட்டுத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கணக்குக்கு வேண்டுமாம். சரி என்று விட்டுவிட்டோம்.

முதலில் கடலோரத்து அந்தோனினஸ் குளியல் மண்டபம். இடத்தைக் குறை சொல்ல முடியாது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியர் கட்டியது. மேல்தளம் போய்விட்டது, நாம் நடப்பது பெரும்பாலும் அதன் கீழ்த்தளத்தில்தான். அப்போதைய உயரத்தைக் காட்டுவதற்காகச் சுமார் 15 மீட்டர் தூண் ஒன்றை நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். அதை அண்ணாந்து பார்த்த பிறகுதான் அளவே உறைத்தது. (பக்கத்திலேயே ஜனாதிபதி மாளிகை. அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.)

நாற்பது நிமிடத்தில் வெளியே ஹாரன் சத்தம். "மற்ற இடமெல்லாம் இன்று மூடல்" என்றார். நேராகக் கம்பளக் கடை. புதினா டீயும் கம்பளமுமாக இரண்டு மணி நேரம் போனது. அப்புறம் ஹோட்டல். முழு நாள் பயணம் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது.

மனசு கேட்கவில்லை. மறுநாள் நாங்களே டி.ஜி.எம். என்ற உள்ளூர் ரயிலில் போனோம். ஒரே டிக்கெட்டில் அன்றைக்கே பல இடங்களைப் பார்க்கலாம் என்று கவுன்டர் பெண்மணி சொன்னபோதுதான் அந்தச் சட்டைப்பை நினைவுக்கு வந்தது. முந்தின நாளும் எதுவும் மூடவில்லையாம்! கார்த்தேஜிலேயே இருக்கும் பிர்சா குன்றைத் தவறவிட்டிருந்தால் நிஜமாகவே நஷ்டம். ரோமானியர் தங்கள் நகரத்துக்காகக் குன்றின் உச்சியைச் சமப்படுத்தி, அந்த மண்ணைச் சரிவில் கொட்டியிருக்கிறார்கள். கி.மு. 146இல் அதே ரோமானியர் அழித்த பழைய கார்த்தேஜின் வீடுகள் அதற்கடியில் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

இன்னொன்று, உள்ளே ஒருவர் ரகசியமாகப் பையிலிருந்து "ரோமானியக் காசு" எடுத்து நீட்டுவார். மனைவி தடுத்தும் கேட்காமல் 40 தினாருக்கு ஒன்று வாங்கினேன். அதே முகம், அதே பச்சைக் களிம்போடு டூனிஸின் பழைய நகரப் பகுதியான மதீனாவின் கடைவீதியில் குவியலாகக் கிடந்தது. அசலாக இருந்தால் இன்னும் ஆபத்து, நாட்டைவிட்டு எடுத்துப்போவது குற்றம்.

ஏஜென்சியில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அந்தக் கம்பளக் கடையில் 20 சதவீதம் தள்ளுபடி வாங்கித் தருவதாகச் சொன்னார்கள்.