பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன், என் முகத்தையே வாடகைக்கு விட்டுவிட்டார்கள்

மூன்று லட்சம் போய்விட்டது. அதைவிடக் கொடுமை, இன்று காலை முதல் என்னையே குற்றவாளி போல விசாரிக்கிறார்கள். கை நடுக்கம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வெளிநாட்டு வேலைக்கு விசா எடுத்துத் தரும் ஏஜென்சி அது. பெயரைச் சொல்லவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். உறவினர் ஒருவருக்கு அங்கேதான் விசா கிடைத்தது என்பதால் எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். "இது எங்களிடமே இருக்கட்டும் சார், தூதரகத்தில் எப்போது கேட்பார்களோ தெரியாது" என்றார். வெள்ளைத்தாளில் மூன்று முறை கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். மூன்று லட்சத்தை எண்ணிக் கொடுத்தேன். ரசீதில் 'சேவைக் கட்டணம்' என்று மட்டுமே இருந்தது. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டதற்கு ஒரு வரி இல்லை. அதைக் கவனித்தேன், கேட்கக் கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சத்தை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

அப்புறம் ஐந்து மாதம். "தூதரகத்தில் இருக்கிறது." "கூரியரில் வருகிறது." "மேலாளர் வெளியூர் போயிருக்கிறார்." கடைசியில், "கூரியரில் தொலைந்துவிட்டது போலிருக்கிறது. நீங்களே தொலைத்துவிட்டதாக எழுதிக் கொடுத்து வேறு வாங்கிக்கொள்ளுங்கள், சுலபமாக முடிந்துவிடும்" என்றார்கள். மூன்று லட்சத்தைக் கேட்டால் போனை வைத்துவிட்டார்கள்.

அதற்குள் என் பாஸ்போர்ட்டோடு ஓர் இளைஞர் விமானம் ஏறியிருக்கிறார். என்னைப் போலவே நெற்றி, தாடை. இறங்கிய நாட்டில் பிடிபட்டுவிட்டார். மின்னணு பாஸ்போர்ட்டுக்குள் பதித்த சிப்பில் இருக்கும் படம், அதை வழங்கிய நாட்டின் டிஜிட்டல் கையொப்பத்தோடு பதிந்தது. கேமரா அந்தப் படத்தையும் எதிரே நிற்கும் முகத்தையும் ஒப்பிடுகிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை. அவரிடம் எத்தனை லட்சம் கறந்தார்களோ! 'முகம் ஒத்துப்போகிறது, யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்' என்றுதான் அவரையும் அனுப்பியிருப்பார்கள். இப்போது காவலில் இருக்கிறார். விட்டாலும் திருப்பி அனுப்புவார்கள், மறுபடி விசா கேட்கும்போதெல்லாம் இது குறுக்கே நிற்கும்.

என்னிடம் அதிகாரி கேட்ட முதல் கேள்வி: "பாஸ்போர்ட்டை எவ்வளவுக்குக் கொடுத்தீர்கள்?" பல நாடுகளில் அடுத்தவர் பாஸ்போர்ட்டில் போவது மட்டுமல்ல, தெரிந்தே கொடுப்பதும் குற்றம். பணத்தைப் பறிகொடுத்த நானே விற்றவனாக நிற்கிறேன்.

இது வெறும் காகித விஷயம் என்று யாராவது சொன்னால் 2014 மார்ச்சில் காணாமல் போன மலேசிய விமானம் எம்எச்370-ஐ நினைத்துப் பாருங்கள். திருட்டு பாஸ்போர்ட்டில் இரண்டு பேர் அதில் ஏறியிருந்தார்கள். பயணிகள் பட்டியலில் இருந்ததோ உயிரோடு இருந்த ஓர் இத்தாலியர், ஓர் ஆஸ்திரியர் பெயர்கள். அந்த இரண்டு பாஸ்போர்ட்டும் சர்வதேசக் காவல் அமைப்பான இன்டர்போலின் திருட்டு பாஸ்போர்ட் பட்டியலில் ஏற்கெனவே இருந்தன. ஏறும் இடத்தில் யாரும் சரிபார்க்கவில்லை. போனவர்களின் வீட்டாருக்குத் தகவல் சொல்லக்கூட அந்தப் பயணிகள் பட்டியல் உதவவில்லை.

நிறைய ஆலோசனை எழுத நினைத்தேன், முடியவில்லை. பாஸ்போர்ட்டைக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எண்ணோடு, தேதியோடு ரசீது வாங்குங்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சொன்ன தேதியில் வரவில்லை என்றால் அன்றைக்கே புகார் கொடுங்கள், யாரிடம் கொடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். 'தொலைத்துவிட்டேன்' என்று பொய் எழுதிக் கொடுக்காதீர்கள். புகார் கொடுத்த பிறகு பாஸ்போர்ட் கைக்கு வந்தாலும் அதில் பயணம் செய்யாதீர்கள், நீங்களே மாட்டிக்கொள்வீர்கள். முக ஒற்றுமையை நம்பி யாராவது அழைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாளை காலை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மூன்று லட்சத்து ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.