ஊர்ப் பள்ளிக்கு உதவும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வரும் நம்மவர்களில் பலருக்கு, படித்த பள்ளிக்கு ஏதாவது செய்துவிட்டுப் போக வேண்டும் என்ற ஆசை உண்டு. பெரும்பாலும் அது ஸ்மார்ட் டிவியில் போய் முடிகிறது. இந்த முறை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளைப் பார்த்தபின் சொல்கிறேன்: கடைக்குப் போகும் முன் தலைமையாசிரியர் அறையில் உள்ள பலகையைப் பாருங்கள். வகுப்புவாரியாக ‘பதிவு’, ‘வருகை’ என்று சாக்பீஸில் எழுதியிருப்பார்கள். பள்ளியின் தலையெழுத்து அந்தப் ‘பதிவு’ எண்ணில்தான் இருக்கிறது.

காரணம், ஆகஸ்ட் 1 நிலவரப்படிதான், பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் என்று முடிவு செய்யும் பணியாளர் நிர்ணயம் நடக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று பேர். 62 பேர் படித்த பள்ளியில் இரண்டு குடும்பம் டவுனுக்குக் குடிபோனால் மூன்றாவது ஆசிரியர் உபரியாகி, பணிநிரவலில் வேறு ஊருக்குப் போய்விடுவார். மீதி இருவரும் ஐந்து வகுப்பைப் பார்க்க வேண்டும். ஒருவர் பயிற்சிக்குப் போனால் அன்றைக்கு ஒரே ஆள். தொடக்க வகுப்புகளில் எழுதப் படிக்க, கணக்குப் போடக் கற்றுத்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லித்தருவது நல்ல முறை. ஆனால் அதைச் செய்ய ஆள் வேண்டுமே.

பணமும் அதே எண்ணைப் பார்த்துத்தான் வருகிறது. ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் சமக்ர சிக்ஷா பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி பள்ளி மானியம் ஆண்டுக்கு, 30 பிள்ளைகள் வரை ₹10,000. 100 வரை ₹25,000. 250 வரை ₹50,000. இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. 28 பேர் படிக்கும் பள்ளிக்கு அது ஆண்டுக்கு ₹1,000, மாதம் ₹83. பினாயிலுக்கே பற்றாது. கழிப்பறை பூட்டிக் கிடப்பதற்கு ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை. இந்தத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால், சமக்ர சிக்ஷாவில் 2024-25க்கான ₹2,152 கோடியை டெல்லி நிறுத்தி வைத்தது பெரும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

பதிவு குறைவதற்கு ஊரில் பிள்ளைகளே குறைந்துபோனது ஒரு காரணம். இன்னொன்று, தனியார் வேன் மூன்று வயதிலேயே எல்.கே.ஜி.க்கு வாசலில் வந்து ஏற்றிக்கொள்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பே ஐந்து வயதில்தான். இடையில் போன பிள்ளை திரும்புவது அபூர்வம். 2023 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு கிடைக்கிறது. அது வருகைக்கு நல்ல பலம், ஆனால் இந்த இடைவெளியை அதனால் மட்டும் அடைக்க முடியாது.

தேர்ச்சியில் அரசுப் பள்ளிகள் ஒன்றும் கைவிடப்பட்டவை அல்ல. 2025 பிளஸ் டூ தேர்வில் மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம், அரசுப் பள்ளிகளில் 91.94. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அதற்குப் பொதுவாக ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஊரில் அண்ணன் தம்பி பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா என்று கேட்டால், இதை முதலில் சொல்லுங்கள்.

உதவுவதென்றால் ஒரு முறை செலவை விட மாதாமாதச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்: கழிப்பறை சுத்தம் செய்பவரின் சம்பளம், தூரத்துக் குடியிருப்பிலிருந்து பிள்ளைகள் வர ஆட்டோ வாடகை. பல தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறையை அரசே கொடுத்துவிட்டது. பொருளாகக் கொடுத்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றாத பொருளுக்குத் தலைமையாசிரியர் மாறிய பிறகு கணக்கே இருக்காது. ஒன்றியப் பள்ளியில் ஆசிரியர்கள் வட்டாரக் கல்வி அலுவலரின் கீழ், கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில். சுவர் எழுப்புவதாக இருந்தால் வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) அலுவலகத்தில் கேட்காமல் செங்கல் இறக்காதீர்கள்.

முன்னாள் மாணவர் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்புவோர் கவனிக்க: இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவரின் பணம், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான், அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவோ முன் அனுமதியோ இருந்தாக வேண்டும். பள்ளியை நேரில் பார்க்க டிசம்பர் கடைசி வாரம் உதவாது, அரையாண்டு விடுமுறை. ஜூலையில் வர முடிந்தால் நல்லது, ஆகஸ்ட் 1 கணக்குக்கு முன் இன்னும் சேராத பிள்ளைகளின் வீட்டுக்கு ஆசிரியர்களோடு போய்ப் பேசலாம்.